கண்ணாடிப் பொட்டிக்குள்ள சித்திரை வெயில்

கம்ப்யூட்டர் கேபினட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வெச்சு விக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் கேக்கத் தோணுறது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, காத்து எந்தப் பக்கமாப் போவும்?" முன்னாடி கண்ணாடி, பக்கத்துல கண்ணாடி, உள்ள கலர் கலரா லைட் போட்டு நாலு ஃபேன். தண்ணியை ஊத்தி ரெண்டு கோல்டு ஃபிஷ் விட்டா அம்சமா இருக்கும். ஆனா உள்ள எரியுறது 250 வாட் அடுப்பு சாமி.

நான் இருக்கறது ஹிஞ்சேவாடி. இங்க தமிழனைத் தேடி அலைய வேண்டாம். சனிக்கிழமை காய்கறிக் கடையில "முருங்கக்கா முத்தலா இருக்கே"ன்னு முணுமுணுத்தா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. அந்த நாலு பேரும் ஃபேஸ் ஒண்ணுலயோ ரெண்டுலயோ மூணுலயோ பொட்டி தட்டறவங்களா இருப்பாங்க. பகல் பூரா பொட்டி தட்டற நம்ம ஆளுங்கள்ல பொட்டியைத் திறந்து உள்ள பாத்தவங்க எத்தனை பேர்னு கேட்டா மட்டும் கொஞ்சம் சங்கடம். அதனாலதான் பையனுக்கோ பொண்ணுக்கோ ஒரு டெஸ்க்டாப் வாங்கணும்னா கடைக்காரர் சொல்றதே வேதவாக்கு ஆயிடுது.

சின்னப் பொட்டி வாங்கறதே தப்புன்னு சொல்ல வரலை. அப்படிச் சொல்ற பெரியவங்க சில பேர் இருக்காங்க. "நல்லா பெரிய கேபினட்டா வாங்கிப் போடு, காத்தோட்டமா இருக்கும்"னு சொல்லுவாங்க. அவங்களுக்கு சொந்த வீடு இருக்கும்போல. நமக்கு பதினோரு மாச அக்ரிமெண்ட். வீட்டுக்காரர் பையனுக்குக் கல்யாணம்னா நாம காலி பண்ணணும். ரெண்டு பெட்ரூம்ல ஒண்ணு ஊர்லேர்ந்து வர்ற அப்பா அம்மாவுக்கு, இன்னொண்ணு நமக்கு, ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ஒரு மேசை, அதுல குழந்தையோட படிப்பு. இந்த லட்சணத்துல முழங்கால் உசரத்துக்கு ஒரு கேபினட்டை எங்க வெக்கறது, பூஜை அலமாரிக்கு மேலயா? சின்னப் பொட்டி நம்ம மாதிரி இடம் மாறிக்கிட்டே இருக்கற ஆளுங்களுக்குன்னே பொறந்தது. தைவான்ல வயா கம்பெனி 2001-ல மினி ஐடிஎக்ஸ்னு 17 செ.மீ.க்கு 17 செ.மீ. போர்டைக் கொண்டு வந்ததுக்கு நான் அவங்களுக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

என் சண்டை வேற. குளிர் நாட்டு அளவுல டிசைன் பண்ணி, குளிர் ரூம்ல சோதிச்சு, "இது சூப்பர்"னு வீடியோ போட்டதை அப்படியே தூக்கிட்டு வந்து சித்திரை வெயில்ல நம்ம தலையில கட்டறாங்களே, அதோடதான்.

கணக்கு ரொம்ப எளிசு. கூலருக்குன்னு சொந்தமா குளிர்ச்சி எதுவும் கிடையாது. பிராசசர்ல இருக்கற சூட்டை எடுத்து ரூம் காத்துல விடுறது மட்டும்தான் அதோட வேலை. ஒழுங்கா சோதிக்கறவங்க "ரூம் வெப்பத்துக்கு மேல இத்தனை டிகிரி"ன்னுதான் எழுதுவாங்க. ஒரு கூலர் ரூமுக்கு மேல 60 டிகிரின்னு வெச்சுக்குங்க. அவரோட ரூம் 22 டிகிரி, ஆக 82. பிரமாதம், அஞ்சு நட்சத்திரம். அதே கூலர், அதே பிராசசர், ஏப்ரல் மாசம் மத்தியானம் மூணு மணி, மேற்கு பாத்த நம்ம ஹால்ல 38 டிகிரி. 98 ஆச்சா? இன்டெல் பிராசசர்ல பெரும்பாலானதுக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கு 95, ரைசன் 5 5600க்கு 90. எல்லையைத் தொட்டா பிராசசர் வெடிக்காது, பயப்படாதீங்க. தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அதாவது நீங்க காசு குடுத்து வாங்கின வேகத்துல ஒரு பங்கு வெயில் காலத்துல உங்களுக்குக் கெடைக்காது, அவ்வளவுதான். இதை எந்தக் கடைக்காரரும் பில்லுல எழுத மாட்டார்.

இன்னொண்ணும் இருக்கு. புனே கடல் மட்டத்துலேர்ந்து 560 மீட்டர் உசரம். காத்து இங்க ஏறக்குறைய 6 சதவீதம் லேசு. 20 டிகிரி காத்தை விட 40 டிகிரி காத்து இன்னொரு 6 சதவீதம் லேசு. ஃபேன் சுத்தறது என்னவோ அதே வேகம்தான், ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் அள்ளிக்கிட்டுப் போற காத்தோட எடை பன்னெண்டு சதவீதம் போல கம்மி. எடை கம்மின்னா சுமந்துக்கிட்டுப் போற சூடும் கம்மி. பெரிய நஷ்டம் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா ஏற்கெனவே விளிம்புல நிக்கறவனை சுண்டு விரலால தள்ளினாப் போதுமே.

இப்போ கண்ணாடிக்கு வருவோம். பக்கத்து பிளாக்ல ஒரு திண்டுக்கல் நண்பர். பொண்ணு அனிமேஷன் படிக்கணும்னு ஆசைப்பட்டு பிளெண்டர் கத்துக்கறா. அவளுக்காக ஒரு கடையில (பேரெல்லாம் வேண்டாம், இப்படி ஊருக்கு நாப்பது கடை இருக்கு) சின்ன கேபினட்ல ஐ5 12400, ஆர்டிஎக்ஸ் 4060 போட்டு வாங்கினார். முன்பக்கம் முழுக் கண்ணாடி. காத்து வர்றதுக்குன்னு ஓரத்துல ஒரு விரல் கூட நுழையாத சந்து. கூடவே பெட்டியில வந்த இன்டெல் கூலர். டிசம்பர்ல ஒரு குறையும் இல்லை. மார்ச் கடைசியில ரெண்டாம் நிமிஷமே பொட்டி ஹேர் டிரையர் மாதிரி கத்த ஆரம்பிச்சுது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அவங்க பாட்டி ஹால்ல படுப்பாங்க. பாட்டி தூங்கணும்னா பொண்ணு வேலை பாக்க முடியாது, பொண்ணு வேலை பாக்கணும்னா பாட்டி தூங்க முடியாது. பாவம், அந்தப் பொண்ணு காலைல அஞ்சு மணிக்கு எழுந்து உக்காந்துக்கிட்டு இருந்துச்சு.

நண்பர் கடைக்குப் போனார். முதல் பதில், "ஏசி ரூம் மே ரக்கோ சார், குச் நஹி ஹோகா." ரெண்டாவது பதில், "லிக்விட் கூலர் லகா தேங்கே." அதாவது இன்னும் கொஞ்சம் காசு எடுத்து வெய்யி. கண்ணாடியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

நான் போய் செஞ்சது ஒரே வேலை. முன் கண்ணாடியைக் கழட்டி சுவத்துல சாய்ச்சு வெச்சேன். வேற எதையும் தொடலை. கால் மணி நேரத்துல பிராசசர் சூடு பத்து டிகிரிக்கு மேல எறங்குச்சு, சத்தமும் பாதியாச்சு. நண்பர் அந்தக் கண்ணாடியை ஒரு பார்வை பாத்தார் பாருங்க, ஜவுளிக் கடையில சாயம் போன வேட்டியைத் திருப்பிக் குடுக்கப் போறவர் மாதிரி.

இதுல மாயமந்திரம் எதுவும் இல்லை. 250 வாட் சூட்டை வெளிய கொண்டு போக நிமிஷத்துக்கு 50 கன அடி காத்து ஓடினா, நம்ம ஊரு லேசான காத்துல உள்ள நுழையுற காத்துக்கும் வெளிய வர்ற காத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் வரும். அதையே கண்ணாடி மறிச்சு 25 கன அடியாக் குறைச்சா வித்தியாசம் 20 டிகிரி. ரூம் 38, ஆக பொட்டிக்குள்ள வெளிவாசல் பக்கம் 58 டிகிரி. அந்தக் காத்தை வெச்சுத்தான் கூலர் பிராசசரைக் குளுத்தணும். கொதிக்கற சோத்துத் தண்ணியில கை கழுவற மாதிரி. ஃபேன் அட்டைப்பெட்டியில "60 கன அடி"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். அது முன்னாடி எதுவும் மறிக்காத வெட்டவெளிக் கணக்கு. கண்ணாடிக்குப் பின்னாடி ஒட்டி வெச்சா அந்த நம்பரை நீங்க வாசல்ல கோலமாப் போட்டுக்கலாம்.

பெரிய பெரிய கம்பெனியே இந்தக் காத்துப் பிரச்சினையில தடுமாறியிருக்கு. 1995-ல இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டு வந்தப்போ எஸ்எம்பிஎஸ் ஃபேன் வெளிக் காத்தை உள்ள இழுத்து பிராசசர் மேல ஊதணும்னுதான் மொதல்ல எழுதினாங்க. எஸ்எம்பிஎஸ் சூடும் சேந்து பிராசசர் தலையில விழுந்தது, அப்புறம் திசையை மாத்தினாங்க. 2004-ல பிரெஸ்காட் பெண்டியம் 4 வந்தப்போ சூடு தாங்காம பிடிஎக்ஸ்னு ஒரு புது அமைப்பே போட்டாங்க. முன்பக்கத்துலேர்ந்து காத்து நேர்கோட்டுல பிராசசர் வழியா ஓடற மாதிரி போர்டையே மாத்தி அடுக்கினது. சந்தையில நிக்கலை, 2006-ல கைவிடறதா சொல்லிட்டாங்க. பேரு போச்சு, ஆனா அந்தப் பாடம் சரிதான். முன்னாடி திறந்திரு, பின்னாடி விடு. இருபது வருஷம் கழிச்சு அதே முன்பக்கத்தை கண்ணாடி போட்டு மூடி "பிரீமியம்"னு விக்கறாங்க. என்னத்தச் சொல்ல!

சரி, லிக்விட் கூலர். இது இப்போ வரதட்சணை மாதிரி ஆயிடுச்சு. "உங்க பையன் பிசில லிக்விட் கூலர் இல்லையா?"ன்னு கேக்கறாங்க. தண்ணி சூட்டைத் தின்னுடாது மக்களே. பிராசசர்லேர்ந்து எடுத்து குழாய் வழியா ரேடியேட்டருக்குக் கொண்டு போவும், அங்கயும் ஃபேன்தான், அதே 38 டிகிரி காத்துதான். ரூம் சூட்டுக்குக் கீழ ஒரு டிகிரி கூட எறக்க அதால முடியாது. 250 வாட் இழுக்கற ராட்சச பிராசசருக்கு அது நியாயம். 65 வாட் பிராசசருக்கு எதுக்குங்க? சின்ன கேபினட்ல 240 மி.மீ. ரேடியேட்டரை வெச்சா ரெண்டு ஃபேன் போடற இடத்தை அது முழுங்கிடும். பம்ப்னு ஒரு மோட்டார் கூடுதல், அது எப்பவாவது மூச்சை விடும். குழாய் வழியா வருஷக்கணக்குல தண்ணி துளித்துளியா ஆவியாப் போயிக்கிட்டே இருக்கும், பல மாடல்ல திரும்ப ஊத்தவும் வழி கெடையாது. ஏர் கூலர்ல ஃபேன் செத்தா என்ன ஆகும்? அலுமினியத் தகடு அங்கயேதான் நிக்கும், பொட்டி மெதுவா ஓடும், நீங்க ஒரு 120 மி.மீ. ஃபேன் வாங்கி கம்பியில மாட்டிட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம். பம்ப் செத்தா பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி மொத்தமும் போச்சு. வாரண்டி இருக்கும், ஆனா சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வர்ற வரைக்கும் குழந்தை எதுல படிக்கும்?

அடுத்து அந்த ஏசி ரூம் உபதேசம். மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. ஒண்ணரை டன் ஏசி ஓடினா ஒண்ணு ஒண்ணரை கிலோவாட் இழுக்கும். 250 வாட் பொட்டியைக் குளுத்த அதைப் போல நாலஞ்சு மடங்கு மின்சாரம். அதோட அந்தப் பொட்டியே ரெண்டு ஆள் ரூம்ல உக்காந்திருக்கற அளவுக்கு சூட்டை விடுது, அதையும் ஏசி சேத்து அள்ளணும். மனுஷனுக்கு வேர்க்குதுன்னா ஏசி போடுங்க, பில்லு வந்தாலும் பரவால்லை. பொட்டி மூச்சு விட முடியலைன்னு ஏசி போட்டா, அந்தக் கண்ணாடிக்கு நீங்க மாசாமாசம் வாடகை குடுக்கறீங்கன்னு அர்த்தம். வாடகைக்கு மேல வாடகை.

நடுவுல ஒரு சிரிப்பு. இங்க ஒரு எலக்ட்ரிக்கல் கடையில போய் "பிராசசருக்கு ஏர் கூலர் இருக்கா"ன்னு கேட்டேன். அவர் வாசல்ல நின்ன தண்ணி ஊத்தற ஆளுசரக் கூலரைக் காட்டினார். மகாராஷ்டிராவுல ஏர் கூலர்னா அதுதான், வைக்கோல் மெத்தை வெச்சது. அவர் மேல தப்பு இல்லை. ஆனா நெசமாவே அந்தத் தண்ணிக் கூலரைப் பொட்டிக்கு நேரா திருப்பி வெக்கற வீடு ஒண்ணு பாத்திருக்கேன். வேண்டாங்க. ஜன்னலைத் திறந்து வெச்சு மனுஷங்களுக்கு அது ஓடட்டும், இங்கத்த காஞ்ச ஏப்ரல்ல நல்லாவே வேலை செய்யும். பொட்டிக்குள்ள நேரா அந்த ஈரக் காத்து போச்சுன்னா உள்ள இருக்கற தூசி களிமண் மாதிரி தகட்டுல அப்பிக்கும். அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்ச்சாலும் வராது.

தூசின்னதும் ஹிஞ்சேவாடியைப் பத்தி சொல்லாம இருக்க முடியுமா? எங்க திரும்பினாலும் முப்பது மாடி எழும்பிக்கிட்டு இருக்கு. மெட்ரோ மூணாவது தடத்துக்கு மாண்லேர்ந்து சிவாஜிநகர் வரைக்கும் தூண் நட்ட வருஷங்கள்ல நாங்க தின்ன சிமெண்டுக்கு கணக்கே கெடையாது. பால்கனிக் கதவைத் திறந்து வெச்சா சாயங்காலம் தரையில விரலால பேர் எழுதலாம். இந்த ஊர்ல பொட்டிக்குள்ள காத்து எந்த வழியா வருதுங்கறதுதான் முக்கியம். உள்ள தள்ளற காத்து வெளிய போறதை விடக் கொஞ்சம் அதிகமா இருக்கணும். அப்போ சந்து பொந்து வழியா காத்து வெளியதான் போகும், தூசி ஃபில்டர் வழியா வடிகட்டித்தான் உள்ள வரும். வெளிய இழுக்கற ஃபேனை மட்டும் மூணு போட்டா பொட்டி வாக்வம் கிளீனர் ஆயிடும், யூஎஸ்பி ஓட்டை வழியாக் கூட மண்ணை உறிஞ்சும். பல்லியும் இந்த வெதுவெதுப்பு தேடி வரும், சொல்லிட்டேன். அதுக்கும் சல்லடை முகப்புதான் மருந்து.

அப்போ என்னதான் வாங்கறது? "குறை சொல்ல மட்டும் தெரியுது"ன்னு தங்கமணி பின்னாடியிருந்து கேக்கறாங்க.

மொதல்ல சல்லடை வெச்ச கேபினட். உதாரணத்துக்கு கூலர் மாஸ்டர் என்.ஆர்.200, 2020-ல வந்தது, சுமார் 18 லிட்டர்தான், ஒரு பெரிய இட்லிப் பானை அளவு. 155 மி.மீ. உசரம் வரைக்கும் கூலர் ஏத்துக்கும். டீப்கூல் ஏஜி400 150 மி.மீ., உள்ள சமத்தா நிக்கும். ஏகே400 சரியா 155, நூலிழை. பெட்டியில வர்ற கூலரைத் தூக்கிப் போட்டுட்டு இந்த மாதிரி ஒரு ஒத்தை டவர் கூலர் போட்டா 65 வாட் பிராசசர் வெயில்லயும் முனகாம ஓடும். பொன்னி அரிசி மூட்டை வாங்கற காசுதான், இந்த ஊர்ல பொன்னி விக்கற விலைக்கு சில சமயம் கூலரே மலிவு. இந்த கேபினட்லயும் பி-ன்னு ஒரு ரகம் இருக்கு, அதுல பக்கத்துக்குக் கண்ணாடியும் குடுப்பாங்க, சல்லடைத் தகடும் குடுப்பாங்க. கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில போடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு நம்பரை ஒத்துப் பாக்காம பணத்தை நீட்டாதீங்க. கேபினட் ஏத்துக்கற கூலர் உசரம், கூலரோட நெச உசரம், உங்க ராம் உசரம். குட்டையான கூலர்ல ராம் மேல தகடு இடிக்கும். ரொம்ப ஒல்லியான கேபினட்னா நாக்துவாவோட 37 மி.மீ. எல்9, தெர்மல்ரைட்டோட 47 மி.மீ. ஏஎக்ஸ்பி90 மாதிரி படுத்த கூலர்தான் நுழையும். அதைத் தப்பு சொல்ல மாட்டேன், மேலேர்ந்து கீழ ஊதறதால போர்டுல இருக்கற மத்த சில்லுக்கும் காத்து படும். ஆனா அந்த உசரத்துல அதிக வாட் பிராசசர் வெச்சுட்டு வெயிலைத் திட்டக் கூடாது. இன்டெல்ல 1200 சாக்கெட் கூலர் 1700 சாக்கெட்ல அப்படியே உக்காராது, திருகு ஓட்டை 75 மி.மீ. சதுரத்துலேர்ந்து 78 ஆயிடுச்சு. பழைய கூலரை "இது செட் ஆகும் சார்"னு தள்ளி விடற ஆளுங்க உண்டு. போர்டுக்குப் பின்னாடி மாட்டற தகட்டை போர்டை உள்ள வெக்கறதுக்கு முன்னாடியே மாட்டிடுங்க. சின்னப் பொட்டியில அப்புறம் கை நுழையாது, நுழைஞ்சா வெளிய வராது.

ஃபேன் விஷயத்துல கடைக்காரர் இலவசமாக் குடுக்கற லைட் ஃபேன் நாலை விட ஒழுங்கான ஃபேன் ரெண்டு போதும். இலவச ஃபேன்ல நெறைய, மோலெக்ஸ் வயர்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கே நேரா சொருகறது. அதுக்கு ஒரே வேகம்தான், ராவும் பகலும் முழு ஓட்டம். நாலு முள் பிடபிள்யூஎம் ஃபேன் வாங்குங்க, போர்டே சூட்டைப் பாத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வேகத்தை 20 சதவீதம் குறைச்சாலே சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும், இழுக்கற கரண்ட் பாதியாயிடும். காத்து 20 சதவீதம்தான் குறையும். பாட்டி தூக்கத்துக்கு இதை விட மலிவா வேற வழி தெரியலை. இடம் இருந்தா 25 மி.மீ. தடி ஃபேன் போடுங்க, 15 மி.மீ. ஒல்லி ஃபேன் வேற வழி இல்லாதப்போ மட்டும். திசை தெரியலையா? குறுக்குச் சட்டம் இருக்கற பக்கமாத்தான் காத்து வெளிய போகும். சந்தேகம்னா ஊதுபத்தி ஒண்ணைக் கொளுத்தி வெளிய இருந்தே பக்கத்துல காட்டுங்க, புகை சொல்லிடும். "சூடான காத்து மேலதான் போகும், அதனால மேல வெளிய விடு"ங்கறதும் ஓரளவுக்குத்தான். ஃபேன் காத்துக்கு முன்னாடி அந்த ஏற்றம் ஒண்ணுமே இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியிலேர்ந்து குளிர்ந்த காத்தை உள்ள தள்ளி, பின்னாடியும் மேலயும் விடுறதுதான் சின்னப் பொட்டிக்கு நல்லது.

காசே செலவு பண்ணாத வழி ஒண்ணு இருக்கு, அதை எந்தக் கடையும் சொல்லாது. பயாஸ்ல போய் வாட்டைக் குறைக்கறது. ஐ5 12400க்கு பேரு 65 வாட், ஆனா கொஞ்ச நேரத்துக்கு 117 வாட் வரை போகலாம்னு இன்டெல்லே அனுமதி குடுத்திருக்கு. சில போர்டுக்காரங்க அந்தக் கொஞ்ச நேரத்தை எல்லையில்லாம விட்டுடறாங்க. அதை 65ல பூட்டிப் பாருங்க. விளையாட்டுல வித்தியாசம் தெரியாது, ரெண்டரிங் கொஞ்சம் நேரம் எடுக்கும், சூடு சட்டுனு விழும். ரைசன்ல ஈகோ மோடுன்னே ஒரு வசதி இருக்கு. மார்ச்லேர்ந்து ஜூன்ல மழை வர்ற வரைக்கும் இப்படி ஓட்டிட்டு அப்புறம் திறந்து விட்டுக்கலாம்.

"லேப்டாப் வாங்கினா தொல்லை விட்டுதே"ம்பீங்க. ஆன்லைன் கிளாஸ், எக்செல், யூட்யூப் மட்டும்னா தாராளமா. டெஸ்க்டாப்பே வேண்டாம். ஆனா மணிக்கணக்கா ரெண்டர் பண்ற குழந்தைக்கு லேப்டாப்னா இதே சூடு இன்னும் சின்ன இடத்துல, விரல் நுனி ஃபேனோட, கழட்டவும் முடியாம.

திண்டுக்கல் நண்பர் கதை என்னாச்சுன்னா, கேபினட்டை மாத்திக் குடுன்னு கடைக்குப் போனார். "கண்ணாடி உடையலையே சார், எப்படி மாத்தறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே! அந்தக் கேபினட் அப்படியே இருக்கு. கண்ணாடிக்குப் பதிலா கொசு வலைத் தகட்டை அளவு வெட்டி காந்தப் பட்டையால ஒட்டியிருக்கோம். இன்டெல் கூலர் போய் ஒத்தை டவர் வந்தாச்சு. இந்த மே மாசம் பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு ரெண்டர் போட்டுட்டுப் படுக்குது, பாட்டி குறட்டைதான் இப்போ பொட்டி சத்தத்தை விட ஜாஸ்தி.

நாமல்லாம் எத்தனை வருஷம் இங்க இருப்போம்னு யாருக்குத் தெரியும். நாளைக்கே வேலூர், கரூர், மதுரைன்னு ஊர்ப்பக்கம் திரும்பினா அங்க வெயில் ஹிஞ்சேவாடியைப் பாத்து சிரிக்கும். சென்னைன்னா புழுக்கமும் உப்புக் காத்தும் தனிக் கணக்கு. இங்கயே மூச்சு முட்டற பொட்டி அங்க போய் என்ன பண்ணும்? அதனால அடுத்த தடவை கடையில கண்ணாடி கேபினட்டைக் காட்டி "லேட்டஸ்ட் மாடல் சார்"னு சொன்னா, லைட்டை அணைக்கச் சொல்லுங்க. அப்புறம் முன்பக்கத்துல உள்ளங்கையை வெச்சு, காத்து உள்ள போகுதான்னு பாருங்க. போகலைன்னா அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க. பத்து பேர் இப்படி வெச்சுட்டு வந்தா பதினோராவது ஆளுக்கு அந்தக் கடையில சல்லடை கேபினட் இருக்கும்.

பி.கு.: வீடு மாத்தறவங்களுக்கு. டவர் கூலர் முக்கால் கிலோ ஒரு கிலோ இருக்கும், போர்டுல திருகு பலத்துல பக்கவாட்டுல தொங்கிக்கிட்டு இருக்கு. பேக்கர்ஸ் ஆளுங்க பொட்டியைக் குப்புறப் போட்டு லாரியில ஏத்தி, வாகட் பாலம் தாண்டறதுக்குள்ள நாலு பள்ளத்துல இறக்குவாங்க. அவங்க வர்றதுக்கு மொத நாள் ராத்திரி கூலரையும் கிராபிக்ஸ் கார்டையும் கழட்டி துணிப் பையில தனியா வெச்சு, நகையோட சேத்து நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரு டியூப் தெர்மல் பேஸ்டும் பையில போட்டுக்குங்க, திரும்ப மாட்டும்போது பழசைத் துடைச்சுட்டு புதுசா பட்டாணி அளவு வெக்கணும்.